தரைக்குள்ள ஹீட்டிங் போடுறீங்களா? அடியில போற தெர்மாகோலை மட்டும் விட்டுடாதீங்க

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "குளிர் ஜாஸ்தியான இடத்துல புதுசா வீடு கட்டிட்டு இருக்கோம், தரைக்கடியிலிருந்து சூடு வர்ற மாதிரி செய்யணும். ஹால் 20 சதுர மீட்டர், பாத்ரூம் 4 சதுர மீட்டர். சுடுதண்ணி பைப்பா, கரண்ட் மேட்டா? கீழதான் கான்கிரீட் தளம் இருக்கே, தெர்மாகோல் எதுக்கு, வெள்ளி ஃபாயில் ஒண்ணு விரிச்சா போதும்னு கான்ட்ராக்டர் சொல்றார், சரியா?"

சரியில்லைங்க. முதல்ல இதைப் பேசிடுவோம், ஏன்னா மத்ததெல்லாம் பின்னாடி மாத்திக்கலாம், இதை மாத்தணும்னா தரையையே உடைக்கணும். சூடு மேலதான் போகும்னு நாம நினைக்கிறோம், அது காத்துக்குத்தான், கான்கிரீட்டுக்குள்ள சூடு எந்தப் பக்கம் குளிரா இருக்கோ அந்தப் பக்கம் ஓடும், கீழ ஈர மண்ணு இருந்தா அதையும் சேர்த்து நீங்க காசு குடுத்து சூடு பண்ணிட்டு இருப்பீங்க. ஃபாயில் வேலை செய்யணும்னா அதுக்கு முன்னாடி காத்து இடைவெளி வேணும், கான்கிரீட்டுக்குள்ள புதைஞ்ச ஃபாயில் எதையும் திருப்பி அனுப்பாது. அதனால வெயிட் தாங்குற அடர்த்தியான போர்டு போடுங்க, டிவி பெட்டிக்குள்ள வர்ற பொலபொல தெர்மாகோல் இல்ல. சுவரோரம் சுத்திலும் ஃபோம் பட்டி ஓட்டணும், சூடானா தரை விரியும், அதுக்கு இடம் வேணும்.

அடுத்து பைப்பா, மேட்டா (மேட்னா சூடாகுற கேபிளைக் கோத்த வலை). ஹாலுக்கு பைப், பாத்ரூமுக்கு மட்டும் மேட், இதுதான் என் அபிப்ராயம். பைப் சிஸ்டத்துக்கு 35லேர்ந்து 45 டிகிரி தண்ணியே போதும், அதனால ஹீட் பம்ப்போட (வெளியில இருக்கிற சூட்டை உள்ள இழுத்துத் தர்ற மெஷின்) ரொம்ப நல்லா ஒத்துப்போகும், ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்ட்டை வாங்கிட்டு அதைவிட பல மடங்கு சூட்டைக் குடுக்கும், மேட் ஒண்ணுக்கு ஒண்ணுதான். ஆனா காலையில ஒரு மணி நேரம் கால் வைக்கிற பாத்ரூமுக்குன்னு தனியா பைப் இழுத்து அல்லாடுறதைவிட டைலுக்கு அடியில மேட் போடுறது சுலபம். மொத்தமா எல்லா ரூமுக்கும் ஒரே நேரத்துல பைப் ஓடுதுன்னா பாத்ரூமையும் அதுலயே சேர்த்துக்கலாம், தப்பில்ல.

கணக்கு இப்படி. 16 மி.மீ பெக்ஸ்னு சொல்ற பிளாஸ்டிக் பைப், ஆக்ஸிஜன் புகாத லேயர் உள்ளதா பார்த்து வாங்குங்க, இல்லன்னா பம்ப், பாய்லர்னு இரும்பு இருக்கிற இடமெல்லாம் துரு பிடிக்கும். 15 செ.மீ இடைவெளின்னா ஒரு சதுர மீட்டருக்கு 6.7 மீட்டர் பைப் ஆகும், உங்க ஹாலுக்கு சுமார் 134 மீட்டர். இதை ஒரே சுத்தா விடக்கூடாது, 100 மீட்டரைத் தாண்டினா தண்ணி தள்ளவே பம்ப் திணறும், கடைசி மூலைக்கு ஆறிப்போன தண்ணிதான் போகும், அதனால ரெண்டு லூப்பா பிரிச்சு, தண்ணியைப் பங்கு பிரிச்சு விடுற மேனிஃபோல்டுல சேருங்க. தரைக்குள்ள ஜாயின்ட்டே வரக்கூடாது, ஒரு லூப் ஒரே துண்டு.

எவ்வளவு சூடு கிடைக்கும்னா, உட்காருற இடத்துல தரை மேல்மட்டம் 29 டிகிரிக்கு மேல போகக்கூடாது, ரூம் 20 டிகிரின்னா சதுர மீட்டருக்கு சுமார் 100 வாட் வரும், அவ்வளவுதான். ஃபிக்ஸ் பண்ணின அலமாரிக்கு அடியில போடாதீங்க, அந்த இடத்தையும் கழிச்சிட்டுப் பாருங்க. மரத்தரைன்னா 27 டிகிரியோட நிறுத்திக்கணும், தடிமனான கார்பெட் போட்டா சூடு மேல வராது, டைல்ஸ்தான் பெஸ்ட்டு.

கான்கிரீட் கொட்டுறதுக்கு முன்னாடி 6 பார் பிரஷர்ல தண்ணி அடைச்சு டெஸ்ட் பண்ணுங்க. முதல்ல பிரஷர் மீட்டர் முள் கொஞ்சம் இறங்கும், பைப் விரியுறதால, மறுபடி பம்ப் அடிச்சு நிறுத்துங்க. அதை அவிழ்க்காம அப்படியே வெச்சுதான் கொட்டணும். ஒரு சைட்ல நான் நின்னுட்டு இருக்கும்போதே முள் சரசரன்னு இறங்குச்சு, பார்த்தா தள்ளுவண்டியோட கால் பைப்ல குத்தி ஈரக் கலவைக்குள்ள தண்ணி கொப்பளிச்சிட்டு இருக்கு, கையாலயே தோண்டி ரிப்பேர் பண்ணி, அந்த ஒரு ஜாயின்ட் எங்க இருக்குன்னு அளந்து எழுதி வெச்சோம். பிரஷர் இல்லாம கொட்டியிருந்தா ஹீட்டிங் போடுற அன்னிக்குத்தான் தெரிஞ்சிருக்கும். அதனால டேப் வெச்சு பைப் ஓடுற இடத்தையெல்லாம் போட்டோ எடுத்துக்கோங்க, நாளைக்கு கதவுக்கு ஸ்டாப்பர் அடிக்க டிரில் போடுறவருக்கு அதுதான் மேப்.

மேட்டுக்கும் இதே கதைதான், மல்டிமீட்டர்ல ரெசிஸ்டன்ஸ் பாருங்க. உதாரணத்துக்கு சதுர மீட்டருக்கு 150 வாட் மேட், 4 சதுர மீட்டர்னா 600 வாட், 230 வோல்ட் லைன்ல சுமார் 88 ஓம்ஸ் காட்டணும். பிரிச்சதும் ஒரு தடவை, விரிச்சதும் ஒரு தடவை, டைல்ஸ் ஒட்டினப்புறம் ஒரு தடவை. இடம் பத்தலன்னு வலையை வெட்டித் திருப்பலாம், கேபிளை மட்டும் வெட்டவே கூடாது. சென்சாரை சின்ன டியூபுக்குள்ள விடுங்க, கெட்டுப்போனா உருவி மாத்திக்கலாம். 30 மில்லிஆம்ப் ஆர்சிடி (கரண்ட் கசிஞ்சா உடனே லைனைக் கட் பண்ற ஸ்விட்ச்) கட்டாயம்.

கொட்டினதும் ஆசையில ஆன் பண்ணிடாதீங்க. சிமெண்ட் கலவைன்னா 21 நாள் காயணும், அப்புறம் 25 டிகிரி தண்ணில 3 நாள், பிறகு டிசைன் பண்ணின முழு சூட்டுல 4 நாள், அதுக்கப்புறம்தான் மேல டைல்ஸ் ஒட்டுறது. குடிவந்த பிறகும் ராத்திரி ஆஃப் பண்ணி காலையில போடுற பழக்கம் வேண்டாம், அவ்வளவு தடிமனான தரை சூடாக சில மணி நேரம் ஆகும், ராத்திரிக்கு ரெண்டு டிகிரி குறைச்சு வெச்சா போதும்.