சம்பளப் பாக்கிக்கு வக்கீல் வைக்க வேண்டுமா?

கேள்வி: ஐயா, சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஒர்க் பெர்மிட்டில் வேலை செய்கிறேன். வேலை அனுமதிக்கு முன் வந்த ஐபிஏ ஒப்புதல் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று இருக்கிறது. எட்டு மாதமாக வங்கிக்கு 550 வெள்ளிதான் வருகிறது. தங்கும் இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் 250 பிடித்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். கடைசி நான்கு மாத ஓவர்டைமும் வரவில்லை. கேட்டால், “நீ சூப்பர்வைசர், உனக்கு ஓவர்டைம் கிடையாது” என்கிறார்கள். ஆறு பேருக்கு வேலை சொல்கிறேன், ஆனால் நானும் அவர்களோடு சேர்ந்து கம்பி கட்டுகிறேன். அடுத்த வாரம் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) ஒருவர், 600 வெள்ளி கொடுத்தால் வக்கீல் வைத்துப் பணத்தை வாங்கித் தருகிறேன் என்கிறார். வக்கீல் இல்லாமல் நானே போனால் நிற்குமா? எனக்கு ஆங்கிலம் வராது.

பதில்: தம்பி, அந்த 600 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். சிங்கப்பூரில் சம்பளப் பாக்கியை விசாரிக்கும் வேலைக் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் வாதாட அனுமதியே இல்லை. உங்களுக்கும் இல்லை, உங்கள் முதலாளிக்கும் இல்லை. 2017 ஏப்ரலில் இந்த மன்றம் தொடங்கியதே, சட்டம் படிக்காத தொழிலாளியும் நேரில் வந்து பேசி நியாயம் பெற வேண்டும் என்பதற்காகத்தான். அப்படியிருக்க, வராத வக்கீலின் பெயரைச் சொல்லி ஒருவர் உங்களிடம் பணம் கேட்கிறார்.

இந்த ஆட்கள் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை தோறும் உலவுகிறார்கள். சிலர் படிவம் நிரப்பித் தருவதாகச் சொல்லி அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்பார்கள். கொடுத்துவிட்டால், உங்கள் பெயரில் என்ன பதிவாகிறது, என்ன திரும்பப் பெறப்படுகிறது என்பது உங்களுக்கே தெரியாது. சிலர் உங்களிடமும் வாங்கிக்கொண்டு முதலாளியிடமும் பேரம் பேசுவார்கள். “ஆயிரம் வெள்ளி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு, இதற்கு மேல் கிடைக்காது” என்று அவசரப்படுத்துவார்கள். ஊரில் நிலத்தை அடகு வைத்து வந்தவனின் அவசரத்தைத்தான் இவர்கள் விற்றுக் காசாக்குகிறார்கள். பாஸ்போர்ட், ஒர்க் பெர்மிட், ஐபிஏ கடிதம் எதன் அசலையும் இவர்களிடம் கொடுக்காதீர்கள். படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை 6536 2692 என்ற எண்ணில் அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். அந்த உதவிக்குக் காசு இல்லை.

இப்போது அவசரமான வேலை. விமானம் ஏறுவதற்கு முன்பு புகாரைப் பதிவு செய்துவிடுங்கள். டிஏடிஎம் (TADM) என்று எல்லோரும் சொல்லும், வேலைத் தகராறுகளைச் சமரசம் செய்யும் முத்தரப்பு அமைப்பில்தான் முதலில் பதிய வேண்டும். அங்கே சமரசப் பேச்சு நடந்து முடியாமல் நேராக நடுவர் மன்றத்துக்குப் போக முடியாது. இணையத்தில் பதியலாம். முடியாவிட்டால் பெண்டமியர் ரோடு 1500ஆம் எண்ணில் இருக்கும் மனிதவள அமைச்சின் சேவை நிலையத்துக்குப் போய் உதவி கேளுங்கள். வேலையில் இருக்கும்வரை, ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் அது வர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டு கெடு. வேலை போய்விட்டால் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதம். சட்டப்படி ஆறு மாதம் இருந்தாலும், ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்த வழக்கை நடத்துவது மிகக் கடினம். முதலாளிகளுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் சம்பளம் கேட்டவுடன் டிக்கெட் வருகிறது.

பதிவதற்குள் உங்களை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போய்விட்டால், குடிநுழைவு முகப்பில் இருக்கும் அதிகாரியிடம் “சம்பளப் பாக்கி இருக்கிறது, என்னை வலுக்கட்டாயமாக அனுப்புகிறார்கள்” என்று சொல்லுங்கள். ஆங்கிலம் வேண்டாம். “சேலரி நாட் பெய்ட், மினிஸ்ட்ரி ஆஃப் மேன்பவர்” என்ற சொற்கள் போதும். அமைச்சே தொழிலாளர்களுக்குக் கூறும் அறிவுரை இது. பயந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு போய்விடாதீர்கள்.

அடுத்து, அந்த சூப்பர்வைசர் விஷயம். இதை விளக்கமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பட்டத்தைக் கொடுத்து ஓவர்டைமை விழுங்கும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. வேலைச் சட்டத்தில் ஓவர்டைம், ஓய்வுநாள், வேலைநேர விதிகள் உள்ள நான்காம் பகுதி, உடலுழைப்புத் தொழிலாளி என்றால் மாதம் 4,500 வெள்ளிவரை அடிப்படைச் சம்பளம் வாங்குபவருக்குப் பொருந்தும். நீங்கள் 800 வாங்குகிறீர்கள், அதில் சிக்கல் இல்லை. நீங்கள் தொழிலாளியா, மேற்பார்வையாளரா என்பதுதான் கேள்வி. ஒருவர் பாதி மேற்பார்வையும் பாதி உடலுழைப்பும் செய்தால், அந்தச் சம்பள மாதத்தில் உடலுழைப்பு மொத்த வேலை நேரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் அவர் தொழிலாளிதான். அட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது, தொப்பி என்ன நிறம், முதலாளி என்ன பட்டம் கொடுத்தார் என்பது முடிவு செய்யாது. கை என்ன செய்தது என்பதே முடிவு செய்யும்.

ஆகவே நடுவர் முன் “நான் சூப்பர்வைசர் இல்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். எதிர்த்தரப்பு உடனே உங்கள் அட்டையைக் காட்டும். ஒரு வழக்கமான நாளை மணிக்கணக்கில் சொல்லுங்கள். காலை எட்டு மணிக்கு பத்து நிமிடம் ஆட்களைப் பிரித்து அனுப்பினேன், எட்டரையிலிருந்து பன்னிரண்டு வரை கம்பி கட்டினேன், ஒரு மணியிலிருந்து ஐந்து வரை ஷட்டர் பலகை அடித்தேன் என்று சொல்லுங்கள். கையில் கம்பியோடு நிற்கும் படம், “இன்று நீயும் கம்பி கட்டு” என்று ஃபோர்மேன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, உங்களோடு நின்ற இருவரின் சாட்சி. இவை இருந்தால் அந்தப் பட்டம் நிற்காது.

250 வெள்ளிப் பிடித்தத்துக்கு வருகிறேன். ஐபிஏ கடிதத்தில் மாதந்தோறும் பிடிக்கும் தொகை என்று ஒரு வரி இருக்கும். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் அந்தத் தாளே உங்கள் பெரிய ஆதாரம். எழுதியிருந்தாலும், தங்குமிடத்துக்கும் வசதிகளுக்கும் பிடிப்பது அந்த மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 800இல் அது 200 வெள்ளிதான். உங்கள் 250இல் தங்குமிடத்துக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி வரியை உங்கள் தலையில் கட்டவும் முடியாது. “சம்பளத்தைக் குறைக்கச் சம்மதிக்கிறேன்” என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா? படிக்கத் தெரியாத மொழியில், விளக்கிச் சொல்லாமல் வாங்கியிருந்தால் அதை மறைக்காமல் சமரச அதிகாரியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்கள் எடுத்து நீட்டும்போது நீங்கள் திகைத்து நின்றால், உண்மை பேசியவரும் பொய் சொன்னவர்போல் தெரிவார்.

கணக்கை ஒரே தாளில் எழுதுங்கள். மணிநேர அடிப்படைச் சம்பளத்துக்கு வாய்பாடு இருக்கிறது: மாதச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52ஐயும் 44ஐயும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். 800க்கு அது சுமார் 4.20 வெள்ளி. ஓவர்டைம் அதன் ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 6.29. மாதம் 60 மணி நேரம் என்றால் ஏறத்தாழ 377 வெள்ளி, நான்கு மாதத்துக்கு 1,510 வெள்ளியை ஒட்டி வரும். பிடித்த 250ஐ எட்டு மாதத்துக்குக் கணக்கிட்டால் 2,000. உங்கள் மணி நேரத்தை உங்கள் டைம் கார்டைப் பார்த்துப் போடுங்கள், நான் சொன்ன 60ஐ எழுதிவிடாதீர்கள். அதிகமாகக் கேட்டால்தான் பாதியாவது கிடைக்கும் என்று அறையில் யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள். ஒரு எண் பொய் என்று தெரிந்தால் எல்லா எண்ணும் சந்தேகத்துக்குள்ளாகும். இந்த மன்றத்தில் கேட்கக்கூடிய தொகையின் உச்சவரம்பு பொதுவாக 20,000 வெள்ளி. உங்கள் தொகை அதற்கு வெகு கீழே இருக்கிறது.

ஊரில் முகவருக்குக் கொடுத்த லட்சங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது இந்த மன்றத்தின் வேலை அல்ல. முதலாளியோ ஃபோர்மேனோ வேலை தருவதற்கு உங்களிடம் பணம் வாங்கியிருந்தால் அது குற்றம், அமைச்சிடம் தனியாகப் புகார் செய்யுங்கள். வேலையில் காயம்பட்ட இழப்பீடும் வேறு சட்டம், வேறு வழி.

டைம் கார்டை இன்றே படம் எடுங்கள், தாள் காணாமல் போவதற்கு நேரம் ஆகாது. வங்கிக் கணக்கு விவரத்தை எட்டு மாதத்துக்கும் அச்செடுங்கள். சம்பளச் சீட்டு தர வேண்டியது முதலாளியின் கடமை. தரவில்லையென்றால், தரவில்லை என்பதையே ஒரு குறையாக எழுதுங்கள். வாட்ஸ்அப் செய்திகளைப் படமெடுக்கும்போது தேதியும் அனுப்பியவர் எண்ணும் தெரிய வேண்டும். குரல் செய்தி என்றால் அதில் பேசியதைத் தமிழில் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். விடுதியில் தொலைபேசி தொலைந்தால் வழக்கே தொலைந்துபோகும்.

சமரசப் பேச்சில் முதலாளி ஒரு தொகை சொல்வார். ஒப்புக்கொள்வதா என்பது உங்கள் முடிவு. ஆனால் “புகாரைத் திரும்பப் பெறு, பிறகு பணம் தருகிறேன்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தவணை என்றால் ஒவ்வொரு தேதியும் உடன்பாட்டில் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த உடன்பாட்டை நான்கு வாரத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்துவிடுங்கள். பதிந்தால் அது நீதிமன்ற ஆணைக்குச் சமம். பதியாவிட்டால் பணம் தராத முதலாளியிடம் திரும்பவும் முதலிலிருந்து மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இதைத் தவறவிட்டு அழுதுகொண்டு வந்தவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சமரசம் ஆகவில்லையென்றால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதன் தேதியிலிருந்தும் நான்கு வாரம்தான். அதற்குள் நடுவர் மன்றத்தில் கோரிக்கையைப் பதிய வேண்டும். விசாரணை ஹேவலாக் ஸ்குவேரில் உள்ள அரசு நீதிமன்றக் கட்டடத்தில் நடக்கும். வெளியாட்கள் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதியும்போதே குறிப்பிடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் சிறியதாகப் பேசி நிறுத்துங்கள், அவர் சொல்லி முடிக்கட்டும். நடுவரே கேள்வி கேட்டு விசாரிப்பார், சட்டப்பிரிவு எண்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். குறித்த நாளில் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், கோரிக்கையே தள்ளுபடியாகிவிடும்.

இத்தனையும் செய்யச் சொல்லும்போது எனக்கே கோபம் வருகிறது. பகலெல்லாம் கம்பி கட்டியவன் இரவில் இணையத்தில் ஆங்கிலப் படிவம் நிரப்ப வேண்டும், வழக்கு முடியும்வரை இங்கே தங்கத் தரும் சிறப்பு அனுமதியில் (ஸ்பெஷல் பாஸ்) பெரும்பாலும் வருமானம் இல்லாமல் காத்திருக்க வேண்டும். வென்ற பிறகும் முதலாளி பணம் தராவிட்டால், அமலாக்க ஆணைக்கு மறுபடியும் அவனே மனுப்போட வேண்டும். வேலை செய்த கூலியை வாங்க இத்தனை படி ஏற வைக்கும் ஏற்பாட்டை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். சம்பளம் தராததற்கு 3,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம்வரை சிறையும் சட்டத்தில் இருக்கின்றன. ஆகவே ஆணை கிடைத்தும் பணம் வரவில்லையென்றால் அன்றே அமைச்சுக்கும் தெரிவியுங்கள். அந்த நிறுவனம் புதிதாக வெளிநாட்டு ஆட்களை எடுப்பதை நிறுத்திவைக்க அவர்களால் முடியும். அதற்குப் பயந்து பணத்தைக் கட்டிய முதலாளிகள் உண்டு.