ஒரே ராத்திரியில் எத்தனை மரக்கால்?

கேள்வி: 2022 வெள்ளத்துக்குப் பிறகு வானம் கறுத்தாலே எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. மனைவி ஐ.டி. புத்தகம், வீட்டுப் பத்திரம், மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டுக் கதவருகே வைத்துவிடுகிறாள். மழைநீர் பிடிக்க ஜோஜோ பிளாஸ்டிக் டேங்க் வாங்கினால் பயம் போய்விடும் என்கிறான் மகன். மாரியம்மனிடம் மழை கேட்டே வளர்ந்தவர்கள் நாம்; இப்போது வேண்டாம் என்று கேட்கலாமா? காலநிலை மாற்றத்துக்கு எங்களைப் போன்ற சாதாரண மக்கள் வேறு என்னதான் செய்வது?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: கேட்கலாம். ஆனால் அளவு சொல்லிக் கேளுங்கள். மாரி என்றாலே மழைதான். மழையிடமே போய் மழை வேண்டாம் என்றால் அவள் என்ன நினைப்பாள்? நம் வேண்டுதலின் கோளாறு அளவில்தான். நம்மூரில் சிக்ஸ்ஃபுட் டான்ஸ் என்று பெயர் மாறிப்போன தெருக்கூத்தில் ராஜா வந்து நின்றதும் கேட்பார்: “மந்திரி, நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?” மூன்று தடவை என்பது சரி. ஒரு தடவைக்கு எவ்வளவு என்று எந்த ராஜாவும் கேட்டதில்லை, எந்த மந்திரியும் சொன்னதில்லை. 2022 ஏப்ரல் 11, 12-ல் டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கம்பில் 24 மணி நேரத்துக்குள் 307 மில்லிமீட்டர் கொட்டியது. டர்பனின் ஒரு வருட மழையே சுமார் 1,000 மில்லிமீட்டர்தான். மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளித் திருவிழாவுக்கு மூன்று நாள் பாக்கி. மும்மாரியும் முந்திக்கொண்டு ஒரே ராத்திரியில் வந்து இறங்கிவிட்டது.

அளவு என்றதும் சிலர் பஞ்சாங்கத்தைப் புரட்டுவார்கள். மேகாதிபதி யார், இந்த வருடம் எத்தனை மரக்கால் மழை, கடலுக்கு எத்தனை பங்கு, மலைக்கு எத்தனை, நிலத்துக்கு எத்தனை எல்லாம் அதில் இருக்கும். எந்தக் கடல், எந்த மலை என்பது மட்டும் இருக்காது. அங்கே தமிழ்நாட்டில் ஆடியில் காவிரி பெருகுகிறது. இங்கே ஆடி குளிர்காலம், உம்கேனி ஆறு மெலிந்து கிடக்கிற காலம். அங்கே தைப்பொங்கல் பனியில். இங்கே அடுப்புக்கு மேல் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு. 1860-ல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் அம்மனைக் கொண்டுவந்தார்கள், மாதப் பெயர்களைக் கொண்டுவந்தார்கள். பருவம் மட்டும் கப்பலில் ஏறவில்லை. ஆகையால் ‘பருவநிலை மாற்றம்’ என்று எழுதாமல் ‘காலநிலை மாற்றம்’ என்று எழுதிய உங்களுக்கு ஒரு கும்பிடு. பருவநிலை மாற்றம் நமக்கு 1860-லேயே ஆகிவிட்டது. பஞ்சாங்கத்தைத் தொட்டால் கோயில் கமிட்டிக்காரர்கள் கடிதம் எழுதுவார்கள். எழுதட்டும், மில்லிமீட்டரில்.

மில்லிமீட்டர் என்பது பெரிய வித்தை இல்லை. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள ஒரு டப்பா, ஒரு ஸ்கேல், போதும். கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் நட்டு, தினமும் காலை எட்டு மணிக்கு அளந்து, குறித்துக்கொண்டு கொட்டிவிடுங்கள். கோக் பாட்டிலை வெட்டி வைத்தால் அடி மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யம் என்று கோடு போட வேண்டும். இரண்டு மழைக்காலம் அளந்தவருக்கு ராத்திரியில் கூரைமேல் கேட்கிற சத்தம் 15-ஆ 60-ஆ என்று ஓரளவு பிடிபடும்.

இப்போது மகனுக்குக் கணக்கு. உங்கள் கூரை 80 சதுர மீட்டர் என்று வையுங்கள். 2,500 லிட்டர் டேங்க் 35 மில்லிமீட்டருக்குள் நிரம்பிவிடும். 307 பெய்தால் மீதி ஏறக்குறைய 20,000 லிட்டர் வழிந்து எங்கே போகிறது? அங்கேதான் வீடு விழுகிறது. டேங்கின் வழிகுழாய் உள்ளே வரும் குழாயைவிடச் சிறுத்திருந்தால் தண்ணீர் மூடி வழியே பொங்கி, டேங்கின் அடிமண்ணையே அரிக்கும். நிரம்பிய டேங்க் இரண்டரை டன். மேட்டை வெட்டி முன்பக்கம் நிரவிய மனைகளில் அந்த நிரவிய மண் ஓரத்தில், தடுப்புச் சுவருக்கு மேல், டேங்கைத் தூக்கி வைப்பதைப் போல ஆபத்து வேறில்லை. கெட்டி மண்ணில், கான்கிரீட் மேடையில், வீட்டின் வெட்டிய பக்கம் வையுங்கள். வழிகிற தண்ணீரை மழைநீர்க் கால்வாய்க்கு விடுங்கள். அடுக்களைக் கழிவுநீர்க் குழியில் விட்டால் தெருக்கோடி வீட்டு முற்றத்தில் சாக்கடை மூடி எழும்பும்.

அப்படியானால் டேங்க் வீணா? இல்லை. அது வெள்ளத்துக்கு முன்னால் அல்ல, பின்னால் உதவுகிற சாமான். 2022-ல் டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே உடைந்து, பல மாதம் குழாயில் தண்ணீர் வரவில்லை. கூரையில் முதலில் வடிகிற 50, 80 லிட்டர் பறவை எச்சமும் தூசியும். அதைத் தனியே வெளியேற்றுங்கள். குடிப்பதானால் கொதிக்க வையுங்கள், அல்லது 25 லிட்டருக்கு வாசனை சேர்க்காத ஜிக் (வீட்டு ப்ளீச்) ஒரு தேக்கரண்டி விட்டு இரண்டு மணி நேரம் மூடி வையுங்கள். பழைய கவுன்சில் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையானால் குடிக்க வேண்டாம், கழிவறைக்கும் செடிக்கும் ஆகும். அந்தக் கூரையைத் தேய்த்துக் கழுவ ஏறாதீர்கள், நார் பறக்கும்.

தடுப்புச் சுவர் மண் பாரத்தால் விழுவதைவிடப் பின்னால் தேங்கிய தண்ணீரால் விழுவதே அதிகம். சுவரின் தண்ணீர்த் துளைகளைப் பாருங்கள்: வேர் அடைத்திருக்கும், அல்லது அழகுக்காகச் சிமெண்ட் பூசி மூடியிருப்பார்கள். மழையில் துளை கசிந்தால் நல்லது. கசியாமல் சுவர் வயிறு தள்ளினால் கெட்டது. விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் தேதி எழுதுங்கள். அடுத்த மாதம் நுனி தேதியைத் தாண்டியிருந்தால் என்ஜினியரைக் கூப்பிடுங்கள். மேட்டின் தலையில் பிறை வடிவில் நிலம் பிளந்தாலோ, கதவு திடீரென்று இறுகினாலோ அன்றைக்கு வீட்டில் படுக்காதீர்கள். நனைந்தால் நம்மூர் மேடுகளின் ‘பெரியா’ சிவப்பு மணல் எச்சரித்துக்கொண்டிருக்காது.

பையைப் பற்றி: உங்கள் மனைவி செய்வது சரி, டார்ச்சும் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு நாள் மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், முன்பு 40 வருடத்துக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடியது, பூமி சூடேறியதால் இப்போது 20 வருடத்துக்கு ஒருமுறை என்றார்கள். ஒருமுறை வந்துவிட்டது, இனி 20 வருடம் நிம்மதி என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு வருடமும் அது வர வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து. வங்கியில் 20 வருட வீட்டுக்கடன் எடுத்தால், கடன் அடைவதற்குள் ஒரு தடவையாவது வர நூற்றுக்கு 64. 430 பேருக்கு மேல் செத்த மாகாணத்தில் இந்தப் பயத்துக்கு வைத்தியம் தேட வேண்டாம். மழைச் சத்தம் கேட்டபின் பயந்து பிரயோஜனமில்லை என்பதுதான் பிரச்சினை. கும்மிருட்டில் தூர் வார முடியாது.

பயப்பட நல்ல மாதம் ஆடி. ஆடிப்பட்டம் தேடி விதைக்க இங்கே வழியில்லை. ஆடியில் தேடித் தூர் வாரலாம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற எப்படியும் தெருவே கூடுகிறது. கால்வாய் வாயில் என்ன இருக்கும்? பிளாஸ்டிக் பை, கட்டடம் கட்டியவர் விட்டுப்போன மணல், அதில் முளைத்த புல். நான்கு பேர், இரண்டு மண்வெட்டி, கூழ் ஆறுவதற்குள் ஒரு தெரு முடியும்.

முடித்துக் கைகழுவிவிட்டு அம்மனிடம் கேளுங்கள்: மாதம் மும்மாரி, ஒன்றுக்கு 28 மில்லிமீட்டர். வருடத்துக்கு 36 தடவை, 1,008. டர்பன் கணக்குக்குச் சரியாக வருகிறது. உங்கள் மகன் டேங்கும் வழியாது.