கடல் நாளும் கரை நாளும்: வாசகர் கேள்விகளுக்கு ஓர் இயன்முறை மருத்துவரின் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில், உடம்பைப் பற்றித் தொடங்கி, ‘எதை எப்போது தீர்மானிப்பது’ என்பதில் போய் முடிகிறவையே மிகுதி. அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பாம்பனில் விசைப்படகு வேலை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் நடை கடலுக்குப் போய்வந்தாலே இடுப்புப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு மாதம் நன்றாக ஓய்வெடுத்தும் ஏன் இப்படி?

அந்த ஓய்வுதான் காரணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களில் படகைக் கரையேற்றி, பழுது பார்த்து, வர்ணம் பூசி இறக்குகிறீர்கள். உடம்பை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறீர்கள். கடும் உழைப்பு நின்ற இரண்டு மூன்று வாரங்களிலேயே மூச்சுத்திறன் குறையத் தொடங்கும். தசையின் வலு சற்றுத் தாமதமாகக் குறையும். தடை நீங்கிய முதல் நாளிலோ, ஆடுகிற தளத்தில் கால் ஊன்றி நிற்பது, மணிக்கணக்கில் குனிந்து மீன் பிரிப்பது, பெட்டி தூக்குவது என்று பழைய வேலை முழுவதும் ஒரே மூச்சில் வந்து சேர்கிறது.

மே மாத நடுவிலிருந்து வாரம் மூன்று நாள்கள் ஒதுக்குங்கள். திங்கள், புதன், சனி என்று படகு போகும் நாள்களையே வைத்துக்கொண்டால் மறக்காது. மணலில் அரை மணி நேரம் விரைவாக நடந்த பின், ஏறத்தாழ 10 கிலோ மணல் கட்டிய சாக்கை, முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்து, இடுப்பு உயரத்துக்குப் பத்து முறை தூக்கி வையுங்கள். இடைவெளி விட்டு இதை மூன்று சுற்று செய்து, வாரந்தோறும் எடையைச் சிறிது கூட்டுங்கள். இடுப்பு வலியோடு காலில் மரத்துப்போதலோ, சிறுநீர் கழிப்பதில் சிரமமோ சேர்ந்து வந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண் நான். எங்களுக்கும் தனியாக உடற்பயிற்சி வேண்டுமா?

இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேண்டியதைக் கடலிலேயே செய்துவிடுகிறீர்கள். உங்களுக்குக் குறைவது ஓய்வு. மாதத்தில் 12 நாள்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று இக்கரைப் பெண்கள் தாங்களே வகுத்துக்கொண்ட ஏற்பாடு பாசி மறுபடி வளர்வதற்காக வந்தது என்றாலும், தோள்பட்டைக்கும் அதுவே மருந்து. மீதி நாள்களைக் குனிந்தபடியே பாசி உலர்த்துவதிலும் தண்ணீர்க் குடம் சுமப்பதிலும் முழுக்கச் செலவிட்டால் அந்த மருந்து வேலை செய்யாது. வீட்டார் பங்கெடுக்க வேண்டும் என்பதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனெனில் அது உயிர் சம்பந்தப்பட்டது. கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று, முங்குவதற்கு முன் மூச்சை வேகவேகமாகப் பலமுறை இழுத்து விடாதீர்கள். அது உடம்பில் ஆக்சிஜனை அதிகம் கூட்டுவதில்லை. ‘மூச்சு விடு’ என்று உந்துகிற கார்பன் டை ஆக்சைடைத்தான் குறைக்கிறது. அந்த உந்துதல் வருவதற்கு முன்பே நீருக்கடியில் நினைவு தப்பிவிடக்கூடும். இயல்பாக மூச்சு வாங்கி, இரண்டு முங்கலுக்கு நடுவே நன்றாக இளைப்பாறி, ஒருவர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்க மற்றவர் முங்குவதே முறை.

ராமநாதபுரத்தில் வங்கி ஊழியர். நடைப்பயிற்சிக்குப் போகலாமா என்று மாலைதோறும் யோசித்து, தினமும் நாளைக்குத் தள்ளிப்போடுகிறேன். மன உறுதி போதவில்லையா?

மன உறுதியைப் பழிக்காதீர்கள், நேரந்தான் தவறு. களைத்து வீடு திரும்பும் மனிதரிடம் ‘போகலாமா’ என்று கேட்டால் யார்தான் போகலாம் என்பார்கள்? நானும் பல ஆண்டுகள் காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து, அதை அணைத்த கையோடு எனக்குள் வாதாடித் தோற்றவன். பிறகு அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டேன்: செவ்வாய், வியாழன், ஞாயிறு நடை நாள், மற்ற நாள்களில் அதைப் பற்றி நினைப்பதில்லை. போகலாமா வேண்டாமா என்று மனத்துக்குள் மல்லுக்கட்டுவது அன்றோடு நின்றது. படகுக்காரர், கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்கும் நாளில் ‘இன்று மனம் இருக்கிறதா’ என்று யோசிப்பதில்லை, காற்றை மட்டுமே பார்க்கிறார். நீங்களும் காய்ச்சல், மழை என்று இரண்டு விலக்குகளை மட்டும் முன்பே எழுதி வையுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கிறது. அதைத் துண்டு துண்டாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். பாம்பன் சாலைப் பாலத்தில் நடக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வண்டிகளை நிறுத்திப் படம் எடுக்கும் கூட்டத்துக்கு நடுவே, கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசும் பருவத்தில், அங்கே நடக்க நான் சொல்லமாட்டேன்.

கீழக்கரையிலிருந்து: நோன்பு மாதத்தில் எப்போது நடப்பது?

நோன்பு திறப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் மெதுவாக நடக்கலாம். எடை தூக்கும் பயிற்சியைத் திறந்த பின் வைத்துக்கொள்ளுங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், மாதம் தொடங்குமுன் மருத்துவரிடம் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி அமைத்துக்கொள்வது கட்டாயம். இரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழ் இறங்கினால் நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும்.

இரத்த அழுத்தம் உண்டு. கருவாட்டை விட்டுவிட வேண்டுமா?

ஒரு நாளைக்கு எல்லா உணவிலுமாகச் சேர்த்து உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும். ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டினாலும் கருவாட்டில் உப்பு தங்கும். எப்போதாவது ஒரு துண்டு போதும். அன்று ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம்.

தொண்டியிலிருந்து ஓர் இளைஞர்: அப்பாவோடு நாட்டுப்படகில் போகிறேன். வளைகுடாவில் வேலை வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இது என் துறை அன்று. எனினும் தூக்கமில்லை, தலைவலி என்றும் எழுதியிருப்பதால் பதில் சொல்கிறேன். வலை நிறைந்து வந்த இரவிலும் முடிவெடுக்காதீர்கள், டீசல் காசுகூடத் தேறாத இரவிலும் எடுக்காதீர்கள். இரண்டிலும் பேசுவது அன்றைய மீன்தான். கடந்த ஓராண்டில் கைக்கு நின்ற பணத்தைத் தோராயமாகவேனும் அப்பாவுடன் உட்கார்ந்து கூட்டி, அங்கே சாப்பாடு, தங்குமிடம், வாங்கும் கடனின் வட்டி போக மிஞ்சுவதோடு ஒப்பிடுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த காலை ஒன்றில் அந்தத் தாளை மறுபடி பாருங்கள். ஏஜெண்ட் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்ப்பதற்கு மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம். அதை இன்றே பார்த்துவிடுங்கள்.