ஆனை மதமும் ஆள் மதமும்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போயிருந்தேன். பேசியவர், "யானைக்குப் பிடித்தாலும் மதம், மனுஷனுக்குப் பிடித்தாலும் மதம். நம் முன்னோர் தெரிந்துதான் ஒரே பெயர் வைத்தார்கள்" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. ஆங்கிலத்து 'ரிலிஜன்' என்றால் கடவுளோடு மறுபடி பிணைப்பது, நம்முடைய சொல்லுக்கோ வெறி என்றே பொருள் என்று பேச்சை முடித்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. எதிர்த்துச் சொல்லவும் தெரியவில்லை. இரண்டும் ஒரே சொல்தானா? 'சமயம்' என்று எழுதிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாமா?

க., ஓசூர்

அன்புள்ள க.,

ஓசூரில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்களே. கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டினால் விடை பலகையிலேயே எழுதியிருக்கும். அடுத்த தேர்தல் சமயத்தில் அந்தப் பக்கம் போனால் வாக்குச்சாவடி வாசலைப் பாருங்கள். 'மதகட்டெ' என்று போட்டிருப்பார்கள். வாக்களிப்பது 'மததானம்'. கன்னடத்தில் வாக்குக்கும் மதம், சமயத்துக்கும் மதம். ஏனென்றால் அந்தச் சமஸ்கிருதச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் 'எண்ணியது', அதாவது கருத்து. 'சம்மதம்' என்கிறோமே, அதற்குள் இருப்பதும் இதே மதம்தான்.

யானைக்குப் பிடிப்பது வேறு சொல். களிப்பு, போதை என்ற பொருளில் வருவது. கன்னடத்தில் அதை வேறு எழுத்துப் போட்டு எழுதுவார்கள். சொல்லும்போதும் ஒலி வேறுபடும். நம்மிடம் இரண்டுக்கும் ஒரே 'த'. ஆகவே இரண்டும் ஒரே உருவில் வந்து நிற்கின்றன. முன்னோர் தெரிந்து வைத்த பெயர் என்றெல்லாம் இல்லை, எழுத்துச் சிக்கனம்தான். (தொல்காப்பியம் சொல்லும் 'மத' என்ற உரிச்சொல் இன்னொன்று இருக்கிறது, 'மதவே மடனும் வலியும் ஆகும்' என்று. அது மூன்றாவது ஆள். அதை இந்தச் சண்டைக்குள் இழுக்க வேண்டாம்.)

தமிழில் கருத்து என்ற பொருள் எப்போதோ செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நன்னூலின் பாயிரத்தில் 'எழுவகை மதம்' என்று ஒரு நூற்பா உண்டு. பிறர் சொன்னதை ஒப்புக்கொள்வது ஒரு மதம். மறுப்பது ஒரு மதம். முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது ஒரு மதம். நூல் எழுதுகிறவன் எந்தெந்த வகையில் நிலைப்பாடு எடுக்கலாம் என்று நன்னூல் ஆசிரியர் பவணந்தி கணக்குப் போட்டுக் காட்டுகிறார். அதில் கடவுளும் இல்லை, யானையும் இல்லை.

'சமயம்' என்று எழுதித் தப்பிக்கலாமா என்கிறீர்கள். அதுவும் அதே ஊர்க்காரச் சொல்தான். ஒன்றுகூடுவது என்ற வேரிலிருந்து உடன்பாடு, மரபு, தக்க வேளை என்று கிளைத்தது. 'சமயத்துக்கு உதவினான்' என்பதிலும் 'சைவ சமயம்' என்பதிலும் இருப்பது ஒரே சொல். மணிமேகலையில் 27-வது காதை சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொருவரிடமும் போய் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டன் (சமணன்) என்று போகிற அந்த வரிசையின் கடைசியில் பூதவாதி நிற்கிறான். கண்ணால் காண்பதைத் தவிர எதையும் ஒப்புக்கொள்ளாதவன். அவனும் சமயக்கணக்கரில் ஒருவன்! இன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் அவனை எந்தக் கட்டத்தில் போடுவது?

இனி உங்கள் பேச்சாளரின் 'மறுபடி பிணைப்பது'. அது லத்தீன் 'ரெலிகாரே', கட்டுவது. அந்த விளக்கத்தைத் தந்தவர் 4-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்டியஸ். அவருக்குச் சுமார் 350 ஆண்டுகளுக்கு முன்பே, கி.மு. 45-இல், ரோமச் சிந்தனையாளர் சிசெரோ வேறொன்று சொன்னார்: 'ரெலெகெரே', அதாவது திரும்பத் திரும்பக் கவனமாகப் பார்ப்பது. தெய்வ காரியத்தில் ஒன்றையும் விடாமல் மறுபடி மறுபடி சரிபார்க்கிறவனே 'ரெலிஜியோசஸ்' என்றார். எது சரி என்று அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ரோமர் பேச்சில் 'ரெலிஜியோ' பெரும்பாலும் ஒருவித அச்சம் கலந்த கவனம், 'தப்பு வந்துவிடக் கூடாதே' என்ற உறுத்தல். இடைக்கால ஐரோப்பாவில் அது மடத்துத் துறவு வாழ்க்கையைக் குறித்தது. கத்தோலிக்கர் நடுவே 'ரிலிஜியஸ்' என்றால் இன்றும் கன்னியரும் துறவியரும்தான். உலகத்தையே இத்தனை ரிலிஜன் என்று பங்கு பிரித்து எண்ணும் வழக்கம் பின்னால் வந்தது.

என் ஓட்டு சிசெரோவுக்கு. காரணம் என் ஆயா.

எங்கள் கொல்லை ஓரத்தில், புளியமரத்தடியில் வேடியப்பன் இருந்தார். பலகைக்கல். வில்லும் வாளுமாக ஒரு ஆள், தலைக்கு மேல் எண்ணெய் ஏறி மழுங்கிய எழுத்துகள். அது நடுகல், இறந்த வீரனுக்கு நட்ட கல் என்று நான் கல்லூரியில் படித்து வந்து சொன்னபோது ஆயா, "அப்படியா, குளிச்சிட்டு வந்து சொல்லு" என்றார். பூசைக்கு வெற்றிலை வைக்கும்போது காம்பு திசை மாறினால் "எடு, மறுக்கா வை". பொங்கல் பானை சாய்ந்து பொங்கினால் உலையை இறக்கி மறுபடி முதலிலிருந்து. வேடியப்பன் யார், எங்கிருந்து வந்தார், நம்மை எங்கே கொண்டுபோவார் என்று அவர் ஒரு நாளும் பேசியதில்லை. செய்முறை பிசகக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தத் தகடூர் மண்ணில், அதாவது இன்றைய தருமபுரிப் பக்கத்தில், அது பழைய கவனம். இங்கே ஆண்ட அதியமான் இறந்தபின் அவன் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் நாரால் வடித்த கள்ளை வைக்கிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று ஔவை அழுகிறாள். புறநானூறு 232. இன்னொரு புறப்பாட்டு, நெல் தூவிக் கும்பிட எங்களுக்குக் கல்லை விட்டால் வேறு கடவுள் இல்லை என்கிறது. இதற்கெல்லாம் மதம் என்றோ சமயம் என்றோ அந்தப் பாட்டுகள் பெயர் வைக்கவில்லை.

2001-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பாலக்கோடு பக்கம் ஒரு சிற்றூருக்குப் போனேன். ஆசிரியர்களுக்கு அந்த வேலை உண்டு. திண்ணையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், "மதம் என்னங்க?" என்றேன்.

"ஆனைக்கா?" என்றார். முந்தின வாரம்தான் ராகிக் கொல்லையில் ஆனை இறங்கியிருந்ததாம்.

எந்தச் சாமி கும்பிடுவீங்க என்று மாற்றிக் கேட்டேன். மொச்சையைக் கீழே வைத்துவிட்டு விரல் மடக்கினார். வேடியப்பன், மாரியம்மா, முனியப்பன், ஏரிக்கரையில் ஒரு கல், பேரன் பயந்தபோது கயிறு கட்டிவந்த தர்கா. ஒரு கை விரல்கள் தீர்ந்து அடுத்த கைக்குப் போனார். படிவத்தில் இருந்ததோ ஒரே கட்டம். 'இந்து' என்று எழுதி, பக்கத்தில் 1 போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன். அவர் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்.