தரங்கம்பாடிக்கு எப்போது போகலாம்?

"எழுபது வயது அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். தரங்கம்பாடியில் ஓர் இரவு தங்க ஆசை. மே விடுமுறையில் போகலாமா, அரையாண்டு விடுமுறையில் போகலாமா?" என்று கோவை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம், பொங்கல் விடுமுறையில் போங்கள். மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். 1620-இல் டேனியர்கள் எழுப்பத் தொடங்கிய கோட்டையின் மேல்தளத்தில் அம்மாவும் நிதானமாக நிற்கலாம், வெயில் உறைக்காது. காணும் பொங்கல் அன்று மட்டும் வேண்டாம், கூட்டம் தாங்காது.

மே மாதத்தில் சிக்கல் வெயில் மட்டுமல்ல, காற்றும்தான். முற்பகலில் நிலத்திலிருந்து அனல்காற்று வீசும். கடல்காற்று ஏறவே நண்பகல் தாண்டிவிடும். அதுவரை கோட்டை முற்றத்தில் கால் வைக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வேறு. விசைப்படகுகள் கரையில் நிற்கும், வஞ்சிரம் விலை எகிறும். மே மாதம்தான் முடியும் என்றால் விடிகாலையில் கடற்கரை, பதினோரு மணிக்குள் அறை, நான்கு மணிக்கு மேல் தெருக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரையாண்டு விடுமுறையில் வடகிழக்குப் பருவமழையின் வால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, டிசம்பர் 26 அந்த விடுமுறைக்குள் வருகிறது. 2004 சுனாமியில் ஏராளமானவர்களைப் பறிகொடுத்த கரை இது. அன்று மெழுகுவத்தியோடு அழுதுகொண்டு நிற்பவர்களுக்கு நடுவே செல்ஃபி எடுக்க உங்களுக்கே மனம் வராது.

எந்த மாதம் போனாலும் கடலில் இறங்கிக் குளிக்கும் எண்ணம் வேண்டாம். அலை கரையை அரிக்காமலிருக்கக் கொட்டிய பாறைகள் கிடக்கின்றன, பாசி வழுக்கும். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடலே விழுங்கிவிட்டது. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள், கடலரிப்பு என்றால் என்னவென்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்புறம் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்க் உள்ளே அடக்கமாகியிருக்கிறார்.

கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அம்மாவுக்குக் கோயில் பிடிக்குமென்றால் திருக்கடையூர் பக்கத்தில்தான். ஆனால் முகூர்த்த நாட்களில் அறுபதாம் கல்யாணக் கூட்டம் சுற்றுவட்டார அறைகளையெல்லாம் பிடித்துவிடும். முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள், அப்புறம் அறை போடுங்கள்.