இலங்கை அகதிகள் முகாமிலிருந்து பள்ளிக்கு வரும் தோழியைப் பற்றி மகள் கேட்டால்

“அவளுடைய தாத்தா, பாட்டி ஊரில் சண்டை நடந்தது, உயிர் பிழைக்கக் கடல் தாண்டி வந்தார்கள்.” ஐந்து வயது மகளுக்கு இவ்வளவு சொன்னால் போதும். இலங்கையில் தமிழர்கள் தாக்கப்பட்ட 1983 கலவரத்தை இப்போது விவரிக்கவே வேண்டாம்.

“அவர்கள் ஏன் இலங்கையை விட்டு வந்தார்கள்?” என்று அவள் தினமும் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். நாமும் வீட்டை விட்டுப் போக நேருமோ என்ற பயமாக இருக்கலாம். “எதை நினைத்துக் கேட்கிறாய், கண்ணு?” என்று தூங்கும் நேரத்தில் கேட்டுப் பாருங்கள். பயம்தான் என்றால் விளக்கம் பிறகு, முதலில் அணைத்துக்கொள்ளுங்கள்.

ஊரை விட்டுப் போவதைப் புரியவைக்க, தருமபுரியிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களை உதாரணம் காட்டலாம். ஆனால், அவர்கள் பொங்கலுக்குப் பையும் கரும்புமாகப் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். தோழியின் குடும்பத்தால் அப்படித் திரும்ப முடியவில்லை. அந்த வித்தியாசத்தை மறைக்காதீர்கள்.

தோழியிடமே கேட்டுவரச் சொல்லாதீர்கள். அவள் இங்கேயே பிறந்தவளாக இருக்கலாம்.