குழித்தறி, ஒன்பது படங்கள், ஆறு நிமிட இசை

அன்புள்ள ஐயா,

ஓவியக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் தாத்தா காலம்வரை பட்டுத்தறி ஓடியது. இப்போது குழித்தறியின் குழியை மூடி, மேலே சிமெண்டு பூசி, அந்த இடத்தில் டிவி வைத்திருக்கிறோம். எங்கள் தெருவில் இப்படிப் பல வீடுகள். அவற்றை ஒன்பது படங்களாக வரைந்திருக்கிறேன். இறுதியாண்டுக் காட்சியில் படங்களோடு இசையும் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. வயலின் படிக்கும் என் தோழி ஆறு நிமிடத்துக்குப் புதிதாக ஒன்று அமைத்துத் தந்தாள். பக்கத்துத் தெருவில் இன்னும் ஓடும் ஒரு தறியின் சத்தத்தைப் பதிவுசெய்து அதில் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் வழிகாட்டி ஆசிரியருக்கு இது பிடிக்கவில்லை. "படம் பேசவில்லை என்பதால்தானே பாட்டு போடுகிறாய்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அவர் சொல்வது சரியா? இசை ஓவியத்துக்கு முட்டுக்கொடுப்பதுதானா? எந்த ராகத்துக்கு எந்த வண்ணம் என்று முறை ஏதாவது இருக்கிறதா? அப்புறம், ஒலிபெருக்கி வைப்பதா, க்யூஆர் கோடு ஒட்டி ஹெட்போனில் கேட்கச் சொல்வதா என்றும் குழப்பம். புகைப்படங்களையும் ஒலிக்கோப்பையும் இணைத்திருக்கிறேன். காட்சிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் ஆசிரியர் அதை எல்லோர் முன்னாலும் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதனால் முதலில் ஒலிக்கோப்பைத் திறக்காமல் படங்களை மட்டும் பார்த்தேன். மறுநாள் இசையோடு பார்த்தேன்.

டிவிக்குக் கீழே சிமெண்டில் குழியின் விளிம்பு லேசாகத் தெரியும் மூன்றாவது படம் தனியாகவே நிற்கிறது. அதற்கு யாருடைய உதவியும் வேண்டாம். தாத்தாவின் மாலை போட்ட புகைப்படமும் கீழே நாடாவும் (ஊடை நூலைக் கொண்டுபோகும் கட்டை) இருக்கும் ஏழாவது படம் அப்படி இல்லை. அது பார்ப்பவரிடம் கொஞ்சம் கெஞ்சுகிறது. சரியாக அந்தப் படத்துக்கான இடத்தில்தான் வயலினில் முகாரி எழுகிறது. அங்கே உங்கள் ஆசிரியர் சொன்னது உண்மை. படத்தில் குறைந்ததை இசையில் ஊற்றி நிரப்பியிருக்கிறீர்கள். மற்ற எட்டுக்கும் அந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது.

முகாரி என்றதும் உங்கள் இரண்டாவது கேள்வி நினைவுக்கு வருகிறது. ராகத்துக்கு இன்ன வண்ணம் என்று எழுதிவைத்த முறைகள் உண்டு, ஆனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ரஷ்ய இசையமைப்பாளர்கள் ரிம்ஸ்கி கோர்ஸகோவ், ஸ்க்ரியாபின் இருவருக்குமே சுருதிகள் நிறங்களாகத் தெரிந்தனவாம். ஸி மேஜர் என்ற மேற்கத்தியச் சுருதி ஒருவருக்கு வெள்ளை, இன்னொருவருக்குச் சிவப்பு. டி மேஜர் மட்டும் இருவருக்கும் மஞ்சள். ஒரே நாட்டில் ஒரே தொழில் செய்தவர்களுக்குள்ளேயே இவ்வளவுதான் உடன்பாடு.

ராஜஸ்தானிலும் தக்காணத்திலும் ராகமாலா ஓவியங்களில் தோடி என்றால் வீணையோடு நிற்கும் ஒரு பெண், அவளைச் சுற்றி மான்கள். அழகான படங்கள். ஆனால் இந்துஸ்தானித் தோடி வேறு, நம் தோடி வேறு. அவர்களுடைய தோடியின் ஸ்வரங்கள் நம் சுபபந்துவராளிக்கே நெருக்கம். நம் ஊர் தோடியை வாசித்தால் அந்த மான்கள் வருமா என்று எனக்குச் சந்தேகம். முகாரி என்றாலே அழுகை என்பதும் நாமாக ஏற்றிவைத்த சுமைதான். தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை வியந்து பாடியது முகாரியில். ஆகவே, தோழியிடம் அந்த ராகத்தை எடுக்கச் சொன்னது யார் என்று யோசியுங்கள். படமா, பழக்கமா?

உண்மையில் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் படத்தின் முன்னால் ஒருவர் எவ்வளவு நேரம் நிற்பார்?

படத்துக்குக் கடிகாரம் கிடையாது. பத்து விநாடி பார்த்துவிட்டு நகரலாம், அரை மணி நேரம் நிற்கலாம், போய்விட்டுத் திரும்பி வரலாம். இசை அப்படி விடாது. அது தொடங்கும், நடுவில் இருக்கும், முடியும். ஒரு படத்தோடு இசையைச் சேர்த்தால், பார்ப்பவர் கையிலிருந்த நேரத்தை நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள். வாங்கியதற்கு என்ன திருப்பித் தருகிறீர்கள் என்பதுதான் விஷயம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கலைக்கூடத்தில் இப்படி ஒரு காட்சி பார்த்தேன். 4 நிமிட இசை, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நான் போனபோது ஒலியே இல்லை. ரிப்பேரா என்று கேட்டேன். காவலர் கொஞ்சம் கூச்சத்தோடு, தானே நிறுத்திவிட்டதாகச் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8 மணி நேரப் பணியில் அவர் அதை 120 தடவை கேட்டாக வேண்டும். அந்தக் காட்சிக்கு வந்த விமர்சகர்களில் அவரளவுக்கு அந்த இசையை அறிந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எனக்காகப் போட்டுக்காட்ட முன்வந்தார். வேண்டாம் என்றேன்.

இந்த நேரப் பிரச்சினையை ஒருவர் வெகு எளிதாகக் கடந்திருக்கிறார். விக்டர் ஹார்ட்மன் என்ற கட்டடக் கலைஞர் 1873-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அடுத்த வருடம் பீட்டர்ஸ்பர்க்கில் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். அவருடைய நண்பரான இசையமைப்பாளர் முஸோர்க்ஸ்கி அதைப் பார்த்துவிட்டு வந்து, பத்துப் படங்களுக்குப் பியானோ இசை எழுதினார். அதில் எனக்குப் பிடித்தது படங்களுக்கான இசை அல்ல. தொடக்கத்திலும் இடையிடையேயும் ஒரு சின்னப் பகுதி வரும். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு நடந்துபோவதுதான் அது. ஐந்தும் ஆறுமாகத் தாள எண்ணிக்கை மாறி மாறி வரும். நிதானமான, கொஞ்சம் கனமான நடை. அந்த இடைப்பகுதிகளில் தெரிவது தன் உருவம்தான் என்று முஸோர்க்ஸ்கியே வேறொரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். ஆள் பருமன். முந்தைய படத்தின் பாதிப்பு அடுத்த நடையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. நம் சங்கீதத்தில் தாளத்தின் உட்கணக்குக்கு நடை என்றே பெயர் இருப்பதை உங்கள் தோழிக்கு நினைவூட்டுங்கள்.

அந்தப் பத்துப் படங்களில் பல இன்று இல்லை. கடைசிப் பகுதியில் மணிகளோடு முழங்கும் கீவ் நகர வாயில் கட்டப்படவே இல்லை. வெறும் வரைபடம்தான்.

ஆனால் முஸோர்க்ஸ்கி படம் வரைந்தவர் அல்ல. உங்கள் நிலைமைக்கு நெருக்கமானவர் இன்னொருவர், அவரும் மாணவர்தான். லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட் மாக். முதல் உலகப் போரிலிருந்து திரும்பி, ஜெர்மனியின் வைமர் நகரில் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்து, அச்சுப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தார். 1922-இல் பள்ளியின் விளக்குத் திருவிழாவுக்காக மாணவர்கள் நிழல் விளையாட்டு ஒன்றுக்கு ஒத்திகை பார்த்தார்கள். அசிட்டிலின் விளக்கு ஒன்றை மாற்றும்போது திரையில் நிழல் இரண்டாகிவிட்டது. மற்றவர்கள் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். இவர்கள் விளக்குகளுக்கு வண்ணம் கொடுத்தால் நிழல்களும் வண்ணமாகுமே என்று யோசித்தார்கள். கூட இருந்த குர்ட் ஷ்வெர்ட்ஃபெகர் என்ற மாணவரும் தனியாக இதையே வளர்த்தெடுத்தார்.

ஹிர்ஷ்ஃபெல்ட் மாக் ஒரு கருவியைக் கட்டினார். ஒளி ஊடுருவும் திரை. அதன் பின்னால் வண்ண விளக்குகள், வெட்டிய அட்டைகள், இவற்றை நகர்த்த ஆட்கள். பியானோவுக்கான இசையையும் அவரே எழுதினார். எந்த நொடியில் எந்த விளக்கு எரிய வேண்டும், எந்த அட்டை எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதெல்லாம் இசைக்குறிப்புக்கு நேராக ஒரே தாளில் எழுதப்பட்டிருந்தது. 1925 மே 3 அன்று பெர்லினில் ஒரு திரையரங்கில் இதை நிகழ்த்தினார்கள்.

இசையை ஏன் சேர்த்தார் என்பதற்கு அவர் சொன்ன காரணம் உங்கள் ஆசிரியருக்கு நேரடிப் பதில். நகரும் ஒளியின் கால அளவைக் கண் சரியாகப் பிடிப்பதில்லை, காது எளிதாகப் பிடித்துவிடுகிறது என்றார். அதாவது இசை அங்கே உணர்ச்சி ஊட்ட வரவில்லை. நேரத்தை அளக்க வந்தது. முட்டுக்கொடுத்தல் என்றால் இதுவும் முட்டுதான், ஆனால் எதற்கு என்று தெரிந்து வைத்த முட்டு.

இந்த மனிதரின் பிற்காலக் கதை தனியாக எழுத வேண்டியது. நாஜிக்களால் இங்கிலாந்துக்குப் போனார். 1940-இல் எதிரி நாட்டவர் என்று அங்கிருந்து டுனேரா கப்பலில் ஏற்றப்பட்டு ஆஸ்திரேலிய முகாம்களில் அடைபட்டார். 1942-இல் வெளிவந்து ஜீலாங் கிராமர் பள்ளியில் ஓவிய ஆசிரியரானார். அங்கும் பிள்ளைகளை வரைய மட்டும் விடவில்லை, எளிய நரம்புக் கருவிகளும் செய்யவைத்தார்.

இப்போது உங்கள் ஐந்தாவது படத்துக்கு வருகிறேன். பரணின் மூலையில், கயிற்றில் கோத்த அட்டைக் கட்டு ஒன்று தூசியோடு தொங்குகிறதே, அது ஜக்கார்டு அட்டைதானே? நீங்கள் அதை ஓரத்தில் பழுப்பாக வரைந்துவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். எனக்கு இந்த ஒன்பது படங்களிலும் அதிகம் பேசியது அதுதான்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அட்டையில் துளை இருந்தால் அந்த இடத்துக் கொக்கி மேலே போகும், அதோடு பாவு இழையும், அதாவது நீளவாக்கில் கட்டிய நூலும், மேலே எழும். துளை இல்லாவிட்டால் இழை கீழேயே கிடக்கும். நாடா ஒரு தடவை ஓட ஓர் அட்டை. அடுத்த ஓட்டத்துக்கு அடுத்த அட்டை. அன்னமோ மாங்காயோ, புடவையில் வரும் உருவம் முழுக்க அந்தத் துளைகளில் இருக்கிறது. தறியின் சத்தமும் அதே வரிசையில்தான் வருகிறது. படமும் தாளமும் ஒரே தாளில் எழுதப்பட்ட கருவி உங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது. ஹிர்ஷ்ஃபெல்ட் மாக் அதற்காகப் பட்டறையில் எவ்வளவு பாடுபட்டார்!

அந்த அட்டைகளைத் தோழியிடம் கொடுங்கள். ஓர் அட்டைக்கு ஓர் அடி என்று தாளம் வைத்துக்கொள்ளட்டும். துளையை ஸ்வரமாகவும் துளையற்ற இடத்தை மௌனமாகவும் எடுத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாயிருக்கும் என்று உறுதி தர முடியாது. சில இடங்களில் அவள் காதைக் கேட்டு மாற்றத்தான் வேண்டும், மாற்றட்டும். நீங்களும் அதே அட்டை வரிசையைப் பார்த்து ஏழாவது படத்தைத் திரும்ப வரையுங்கள். தாத்தாவின் புகைப்படம் தேவைப்படாமலே போகலாம். அப்போது இசை படத்துக்கு உரை எழுதாது, படமும் இசைக்கு விளக்கம் சொல்லாது. இரண்டும் ஒரு தாத்தாவின் இரண்டு பேத்திகள் மாதிரி, சாடை தெரிந்தால் போதும்.

இப்போதைய ஒலிக்கோப்பில் முதல் ஒரு நிமிடம், வெறும் தறிச் சத்தம் மட்டும் வருகிறதே, அதைத் தொடாதீர்கள். நாடா போய்த் திரும்புவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. நெய்பவர் நூலைச் சரிபார்க்கிறார் போலிருக்கிறது. மூன்றாவது நிமிடத்துக்குப் பிறகு வயலின் அந்த இடைவெளியை மூடிவிடுகிறது. எடுத்துவிடச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்வாள், பரவாயில்லை.

ஹெட்போன் வேண்டாம். ஒன்பது பேர் ஒன்பது க்யூஆர் கோடு முன்னால் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நின்றால் யாரும் படத்தைப் பார்க்க மாட்டார்கள், சிக்னலைத்தான் பார்ப்பார்கள். ஓயாமல் ஓடும் ஒலிபெருக்கியும் வேண்டாம், அந்தக் காவலரை நினைத்துக்கொள்ளுங்கள். தோழியை நேரில் வந்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை போதும், நேரத்தை வாசலில் எழுதிவையுங்கள். ஒரே இடத்தில் உட்காராமல், படத்துக்குப் படம் நடந்துபோய் வாசிக்கட்டும். மற்ற நேரங்களில் கூடம் அமைதியாக இருக்கட்டும். அப்போது வருபவர் படத்தை மட்டும் பார்ப்பார். அந்த நேரத்தில் உங்கள் ஆசிரியரை அழைத்துக்கொண்டு போங்கள். பிறகு வாசிக்கும் நேரத்துக்கும் ஒருமுறை வரச் சொல்லுங்கள்.

ஐந்து வாரம் குறைவுதான். முதலில் பரணில் ஏறிப் பாருங்கள். பட்டுத்தறி அட்டைகளை எலியும் கரையானும் விட்டுவைத்திருந்தால், கயிறு அறுந்துவிடாமல், வரிசை கலையாமல் இறக்குங்கள். எத்தனை அட்டை இருக்கிறது என்று எண்ணி எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.